நிறைகுடத்தின் உள்ளே: அறிஞர் ஜுகோவ்ஸ்கியின் வாழ்வும் ஆய்வும்

நிறைகுடம் தளும்பாது என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கற்றோர் அடக்கத்தை விளக்க அதனை எடுத்தாள்வது மரபு. குறைகுடத்து நீர் அலைமோதுவதைக் கண்ணால் காண்கிறோம், காதால் கேட்கிறோம். விளிம்புவரை நிறைந்து வாய் மூடப்பெற்ற குடத்திலோ அலையுமில்லை, ஓசையுமில்லை. ஆதலின் உள்ளிருக்கும் நீர் குடத்தோடு ஒன்றிவிட்டது என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் சரியானதுதானா? குடம் திரும்பும்போது நீரும் உடன் திரும்புகிறதா? குடத்தைப் பம்பரம்போல் சுழற்றிவிட்டால் அது நிலையாகச் சுழலுமா, தடுமாறிச் சாயுமா? எளியனபோல் தோன்றும் இவ்வினாக்களுக்கு 1885ஆம் ஆண்டில் முறையான விடை கண்டவர் ரஷ்ய நாட்டு அறிஞர் நிக்கோலாய் யெகோரவிச் ஜுகோவ்ஸ்கி ஆவார்.

ரஷ்ய விமானவியலின் தந்தை என அவரை அவர்தம் நாட்டினர் போற்றுவர். ஆயினும் வானூர்தி என்பது கனவாக மட்டும் இருந்த காலத்திலேயே, மூடிய கலத்தினுள் அடங்கிய நீரைப் பற்றி எண்ணியவர் அவர் என்பதைப் பலரும் அறியார். அவர் வாழ்வையும் பணியையும் இணைக்கும் இழையை அந்த நிறைகுடத்திலிருந்தே தொடங்கிக் காணலாம்.

பிறப்பும் இளமையும்

ரஷ்யாவின் விளாதிமிர் மாநிலத்தில் ஒரேகவோ என்னும் சிற்றூரில் 1847ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17ஆம் நாள் ஜுகோவ்ஸ்கி பிறந்தார். தந்தை யெகோர் இவானவிச் பொறியாளர். தாய் அன்னா நிக்கலாயெவ்னா. காடும் வயலும் சூழ்ந்த அச்சிற்றூரின்மேல் ஜுகோவ்ஸ்கி கொண்ட பற்று வாழ்நாள் முழுவதும் குன்றவில்லை. மாஸ்கோவில் புகழ்பெற்ற பேராசிரியராக விளங்கிய காலத்தும் கோடை விடுமுறைகளை அங்கேயே கழித்தார். வேட்டையில் அவருக்கு மிகுந்த விருப்பம் உண்டு. பறவைகள் சிறகசைக்காமல் வானில் மிதப்பதை உற்றுநோக்கும் பழக்கம் அவருக்கு வாய்த்ததற்கு அவ்வாழ்க்கையும் துணைநின்றது எனலாம்.

தந்தையைப்போல் தாமும் பொறியாளராக வேண்டும் என்பதே இளைஞர் ஜுகோவ்ஸ்கியின் அவா. அதற்குரிய கல்லூரி பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தது. அங்கு அனுப்பிப் படிக்கவைக்கும் பொருள்வளம் குடும்பத்துக்கு இல்லை. எனவே 1864ஆம் ஆண்டு மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதப் பிரிவில் சேர்ந்து, 1868ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னரும் பழைய அவா விடவில்லை. பீட்டர்ஸ்பர்க் சென்று பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே நிலஅளவைத் தேர்வில் தோல்வியுற்றுக் கல்லூரியை விட்டு விலக நேர்ந்தது. பிற்காலத்தில் பொறியாளர் தலைமுறைகளையே உருவாக்கியவர் பொறியியற் கல்வியை முடிக்க இயலாமல் திரும்பியவர் என்பது நினைவுகூரத்தக்கது.

ஆசிரியப் பணி

மாஸ்கோ திரும்பிய ஜுகோவ்ஸ்கி 1870ஆம் ஆண்டு பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்றார். 1872ஆம் ஆண்டு முதல் மாஸ்கோத் தொழில்நுட்பப் பள்ளியிற் கணிதமும் பின்னர் இயக்கவியலும் கற்பித்தார். பின்னாளில் பௌமன் பெயரால் விளங்கும் உயர்தொழிற் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அப்பள்ளியே. தொழிற்கூடங்களின் ஓசைக்கிடையே இயக்கவியலைக் கற்பித்த அவ்வாழ்க்கை அவர் ஆய்வின் போக்கை வகுத்தது. வெறும் குறியீடுகளால் ஆன விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒன்றை வடிவமாக மனக்கண்ணில் கண்டு, இயலுமாயின் மாதிரி செய்து கையால் இயக்கிப் பார்த்த பின்னரே அதனை அறிந்ததாக அவர் கொண்டார்.

1876ஆம் ஆண்டு, ஓடும் நீர்மத்தின் இயக்க வடிவங்களை ஆராய்ந்த நூலுக்காக முதுநிலைப் பட்டம் பெற்றார். 1886ஆம் ஆண்டு மாஸ்கோப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். வகுப்பறையில் அவரது மெல்லிய குரலும் மறதியும் பற்றி மாணவர்கள் சொல்லி மகிழ்ந்த கதைகள் பல. எனினும் அவர்பால் அவர்கள் கொண்ட அன்பு அக்கதைகளிலெல்லாம் ஊடாடிநிற்கும்.

இயக்கத்தின் உறுதி

1882ஆம் ஆண்டு ஜுகோவ்ஸ்கி முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடு இயக்கத்தின் உறுதியைப் பற்றியது. நிற்கும் பொருளின் உறுதியை அனைவரும் அறிவோம். கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டைச் சற்றுத் தள்ளினால் அது மீண்டும் அடிக்கே வந்துசேரும். கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த குண்டு சிறு தீண்டலுக்கே உருண்டோடிவிடும். ஓடிக்கொண்டேயிருக்கும் பொருளுக்கு இத்தகைய உறுதியை எவ்வாறு அளப்பது? ஒரு பாதையில் செல்லும் பொருள் சிறு தாக்குதலால் சற்றே விலகினால், புதிய பாதை பழைய பாதையின் அருகிலேயே தொடருமா, நாளடைவில் வெகுதொலைவு பிரிந்துவிடுமா? இதனையே அவர் தம் ஆய்வின் பொருளாகக் கொண்டார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1892ஆம் ஆண்டில், லியாபுனோவ் என்னும் மற்றொரு ரஷ்ய அறிஞர் இத்துறைக்குப் பொதுவான கோட்பாட்டை வகுத்தார். அப்பேரொளியில் ஜுகோவ்ஸ்கியின் கருத்து நெடுங்காலம் மங்கியிருந்தது. ஒழுங்கற்ற இயக்கங்களை ஆராய்வோர் பின்னர் அதனை மீட்டெடுத்தனர். ஒரே பாதையில் செல்லும் இருவருள் ஒருவர் முந்துவதும் மற்றவர் பிந்துவதும் பாதையின் உறுதியைக் கெடுப்பதில்லை என்னும் அவர்தம் நுண்ணிய பார்வை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

நீர் நிறைந்த குழிவு

இவ்விரண்டு ஆய்வுகளும் கலந்ததன் விளைவே 1885ஆம் ஆண்டு வெளிவந்த நெடுங்கட்டுரை. ஓரினமான நீர்மம் நிறைந்த உட்குழிவுகளைக் கொண்ட திடப்பொருளின் இயக்கம் என்பது அதன் பொருள். மாஸ்கோக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிராஷ்மன் பெயரால் அமைந்த பரிசு அதற்கு வழங்கப்பெற்றது.

சமையலறையில் எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் தட்டின்மேல் சுழற்றிவிட்டால், அவித்தது விரைந்து சுழலும்; பச்சை முட்டை சோம்பித் தள்ளாடும். பிரித்தானிய அறிஞர் கெல்வின் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார். சற்றே தட்டையான கூட்டில் நீர் நிரப்பிச் செய்த பம்பரம் நிலையாகச் சுழன்றது. சற்றே நீண்ட கூட்டில் நீர் நிரப்பிய பம்பரமோ எவ்வளவு விரைவாகச் சுழற்றினும் நில்லாமற் சாய்ந்தது. புறத்தோற்றத்தில் சிறு வேறுபாடே உடைய இரு கூடுகளின் போக்கை உள்ளிருந்த நீர் அடியோடு மாற்றியது.

ஜுகோவ்ஸ்கி எவ்வடிவக் குழிவுக்கும் பொருந்தும் பொதுவிடையைத் தேடினார். உராய்வற்ற நீர்மம் அசைவின்றிக் குழிவை முற்ற நிறைத்திருப்பதாக முதலில் கொண்டார். பொருள் நேர்வழி நகர்கையில் நீரின் முழு நிறையும் உடன் செல்லும். பொருள் திரும்புகையில் நீர் முழுவதும் உடன் திரும்புவதில்லை. குழிவு உருண்டையாயின், கூடு எத்துணை திரும்பினும் உள்ளிருக்கும் நீர் சிறிதும் திரும்பாமல் நிற்கும். வட்டக் குடத்து நீரின்மேல் ஒரு துரும்பை மிதக்கவிட்டுக் குடத்தை விரைந்து திருப்பினால், துரும்பு முன்பு நோக்கிய திசையையே நோக்கிநிற்பது இதற்குச் சான்று. குழிவு வேறு வடிவினதாயின் அதன் சுவர் நீரை ஓரளவு தள்ளிச் செல்லும்.

அவர் கண்ட முடிவின் அழகு இதுவே: உள்ளிருக்கும் நீரின் சிக்கலான ஓட்டம் முழுவதையும் விலக்கிவிட்டு, அதன் இடத்தில் கற்பனையான ஒரு திடப்பொருளை வைத்துக் கணக்கிடலாம். அதன் நிறை நீரின் நிறைக்குச் சமம். அது சுழற்சிக்குக் காட்டும் தடை மட்டும், நீர் முழுவதும் உறைந்து கட்டியானால் காட்டும் தடையினும் குறைவு. அத்தடையை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால் போதும். நீரின் ஒவ்வொரு துளியையும் பின்தொடர்ந்து செல்லவேண்டிய தேவை இல்லை. குழிவு வளையவடிவினதாயின், அதில் முன்பே சுற்றியோடும் நீர், பொருளினுள் மறைத்துவைத்த பம்பரம்போல் செயற்பட்டு அதன் போக்கைத் திருப்பும் என்பதையும் அவர் காட்டினார்.

அடுத்து, உராய்வுடைய நீர்மத்தை எடுத்துக்கொண்டார். இயற்கையில் உள்ள நீர்மங்கள் அத்தகையனவே. புறவிசை எதுவுமின்றி வெளியில் சுழலும் பொருளின் உள்ளே நீர் சுவரோடு உராய்ந்து சிறிது சிறிதாக ஆற்றலை இழக்கும். இறுதியில் நீரும் கூடும் ஒன்றாகி, ஒரே கட்டியைப்போல் நிலையான அச்சொன்றைப் பற்றிச் சுழலும் என்பது அவர் கண்ட முடிவு. எவ்வச்சு? சுழற்சியின் அளவு மாறாதிருக்க ஆற்றல் மட்டும் குறையுமாயின், மிகுதியான தடையைக் காட்டும் அச்சிலேதான் உறுதியான இளைப்பாறுதல் கிட்டும். நீண்ட கோலொன்றைத் தன் நீளத்தையே அச்சாகக் கொண்டு சுழற்றிவிட்டாலும், உள்ளே நீரிருப்பின் அது காலப்போக்கில் தலைகால் புரண்டு குறுக்கே சுழலத் தொடங்கும். பலவாறு தோன்றியிருக்கக்கூடிய கோள்கள் எல்லாம் ஒழுங்கான அச்சிற் சுழல்வதற்கு அவற்றின் உள்ளிருந்த நீர்மமே காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். இம்முடிவுக்குக் கணிதம் கோரும் முழுமையான நிறுவல் 21ஆம் நூற்றாண்டிலேயே, கால்டி முதலிய ஆய்வாளர்தம் உழைப்பால் கிடைத்தது.

முடிவின் பெருமை

இதனால் உலகுக்கு விளைந்த பயன் யாது என்று வினவலாம். ஜுகோவ்ஸ்கி மறைந்து 37 ஆண்டுகளுக்குப் பின், 1958ஆம் ஆண்டு தொடக்கத்தில், அமெரிக்கா தன் முதற் செயற்கைக்கோளாகிய எக்ஸ்புளோரர்-1ஐ விண்ணில் ஏவியது. மெல்லிய நீண்ட அக்கோள் தன் நீளவச்சைப் பற்றிச் சுழலுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஏவிய சில மணி நேரத்திலேயே அது குறுக்கே புரண்டு சுழலலாயிற்று. அதன் வளையும் அலைக்கம்பிகள் அசைந்தசைந்து ஆற்றலைச் செலவிட்டதே காரணம். அங்கே நீர் இல்லை. எனினும் உள்ளுராய்வு ஆற்றலை உண்ணுமாயின் பொருள் எவ்வச்சை நாடும் என்னும் உண்மை ஒன்றே.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீர் நிறைந்த பம்பரத்தின் உறுதியை சோபலெவ் என்னும் ரஷ்யக் கணித அறிஞர் மீண்டும் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1960ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. ஏவூர்திகள் தோன்றியபின் இத்துறை பெருகி வளர்ந்தது. ஏவூர்தியின் நிறையிற் பெரும்பகுதி எரிநீர்மமே. அது எரிந்து குறையக் குறைய நிறைகுடம் குறைகுடமாகித் தளும்பத் தொடங்கும். 2007ஆம் ஆண்டு மார்ச்சில் பால்கன்-1 ஏவூர்தியின் இரண்டாம் பயணம் இலக்கை எட்டாமற் போனதற்குக் கலத்தினுள் நீர்மம் தளும்பியதே காரணமாயிற்று. புறத்தே எவ்வளவு உறுதியாகக் கட்டினும் உள்ளிருப்பதை அறியாதவன் அமைத்த கலம் வழிதவறும் என்பதே ஜுகோவ்ஸ்கியின் கட்டுரை விடுத்த எச்சரிக்கை.

குழாயில் ஓடும் நீர்

குழிவில் அடைபட்ட நீரை ஆராய்ந்தவரை, குழாயில் ஓடும் நீர் 1897ஆம் ஆண்டில் அழைத்தது. மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி வெடித்தன. காரணம் காண ஜுகோவ்ஸ்கியின் தலைமையில் நகரின் நீரேற்று நிலையத்தில் சோதனைகள் நடைபெற்றன. ஓடும் நீரைத் திருகி திடீரெனத் தடுத்தால், முன்சென்ற நீர் நிற்கப் பின்வரும் நீர் அதன்மேல் மோதி இறுகும். இறுக்கம் அலையாகிக் குழாய் வழியே பின்னோக்கி ஓடும். இரும்புக் குழாயில் அவ்வலையின் வேகம் வினாடிக்கு 1000 மீட்டருக்கும் மேல். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்ல ஓடிய நீரைச் சட்டென நிறுத்தினாலும் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தின் பத்து மடங்கைத் தாண்டும். சம்மட்டி அடிபோல் விழும் அதனாலேயே குழாய்கள் வெடித்தன.

தீர்வு எளிது: அலை குழாயின் கோடிவரை சென்று மீளும் நேரத்தினும் மிகுதியான நேரம் எடுத்துக்கொண்டு திருகியை மெல்ல மூடவேண்டும். 1 கிலோமீட்டர் நீளக் குழாய்க்கு அந்நேரம் ஏறத்தாழ 2 வினாடியே. அழுத்தத்தின் வரைபடத்தைப் படித்தே, நிலையத்தை விட்டு வெளியேறாமல் குழாயின் எவ்விடத்தில் கசிவு உள்ளது என்று கண்டறியும் வழியையும் அவர் காட்டினார். உலகெங்கும் நீர்க்குழாய் அமைப்போர் இன்றும் அவர் வகுத்த வாய்பாட்டையே பயன்படுத்துகின்றனர்.

காற்றும் சிறகும்

1895ஆம் ஆண்டு ஜுகோவ்ஸ்கி ஜெர்மனி சென்று, சிறகு கட்டிக் குன்றிலிருந்து மிதந்து பறந்த லிலியந்தாலைக் கண்டார். அவரிடமிருந்து மிதவை வானூர்தி ஒன்றைப் பெற்று மாஸ்கோ கொணர்ந்தார். மறு ஆண்டே லிலியந்தால் பறக்கும்போது வீழ்ந்து உயிர்நீத்தார். காற்றில் உறுதி என்பது வாழ்வா சாவா என்னும் வினா என்பதை அம்முடிவு உணர்த்தியது. பறவைகளின் மிதத்தலை 1891ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்த அவர், வானிற் செங்குத்து வட்டமிடுதலும் இயலும் எனக் கணக்கிட்டிருந்தார். 1913ஆம் ஆண்டு கீவ் நகரில் நெஸ்தெரவ் என்னும் வானோடி அதனைச் செய்துகாட்டினார்.

1902ஆம் ஆண்டு மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார். 1904ஆம் ஆண்டு ரியாபுஷின்ஸ்கி என்னும் செல்வர் கூச்சினோ என்னுமிடத்தில் நிறுவிய காற்றியக்க ஆய்வகத்துக்கும் வழிகாட்டினார். 1906ஆம் ஆண்டில் சிறகின் தூக்குவிசைக்கு விளக்கம் தந்தார். சிறகைச் சுற்றிக் காற்று சுழல்வதுபோன்ற ஓட்டம் ஒன்று உண்டு. காற்றின் அடர்த்தி, வேகம், அச்சுழற்சியின் அளவு ஆகிய மூன்றையும் பெருக்கினால் சிறகின் ஓரலகு நீளத்துக்குரிய தூக்குவிசை கிடைக்கும். ஜெர்மானிய அறிஞர் குட்டாவும் தனித்து இவ்வுண்மையை அணுகியிருந்தமையால் இத்தேற்றம் இருவர் பெயராலும் வழங்குகிறது. திடப்பொருள் நீரைச் சூழ்ந்த வினாவில் தொடங்கியவர், காற்று திடப்பொருளைச் சூழ்ந்த வினாவுக்கு விடை கண்டார்.

தொழில்நுட்பப் பள்ளியில் அவரைச் சூழ்ந்து வானூர்திக் கழகம் அமைத்த மாணவர்களுள் தூப்பலெவ், யூரியெவ், ஸ்தேச்கின் முதலியோர் பின்னாளில் சோவியத் வானூர்தித் துறையின் தூண்களாயினர். 1900ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தின் முழு உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அதனை ஏற்பின் மாஸ்கோவையும் மாணவர்களையும் பிரியவேண்டும். எனவே அவர் தம் பெயரை விலக்கிக்கொண்டார். பெரும் சிறப்பைத் துறந்து வகுப்பறையைத் தேர்ந்த அச்செயல் அவர்தம் ஆசிரிய உள்ளத்தைக் காட்டும்.

இறுதி ஆண்டுகள்

1917ஆம் ஆண்டுப் புரட்சியும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் மாஸ்கோவைப் பசியிலும் குளிரிலும் ஆழ்த்தின. 70 வயதைக் கடந்த ஜுகோவ்ஸ்கி பணியை நிறுத்தவில்லை. 1918ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நடுவண் காற்று, நீர் இயக்கவியல் ஆய்வு நிறுவனம் அவர் தலைமையில் தோற்றுவிக்கப்பெற்றது. பின்னர் பேருருக் கொண்ட அந்நிறுவனத்தின் தொடக்கநாட் கூட்டங்கள் அவர் வீட்டிலேயே நடந்தன.

1920ஆம் ஆண்டு அவருடைய அன்புமகள் எலேனா நோயுற்று மறைந்தாள். முதுமையில் வந்த அவ்விழப்பு அவரை முறித்தது. உடல்நலம் குன்றிப் படுக்கையில் கிடந்தபோதும் பாடக் குறிப்புகளைச் சொல்லி எழுதச்செய்தார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், அவர்தம் 50 ஆண்டு அறிவியற் பணியைப் பாராட்டி அரசு ஆணை ஒன்று பிறப்பித்தது. லெனின் கையொப்பமிட்ட அவ்வாணையிலேயே ரஷ்ய விமானவியலின் தந்தை என்னும் பெயர் அவருக்குச் சூட்டப்பெற்றது. 1921ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். மாஸ்கோவின் தோன்ஸ்கோய் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். வானூர்தி ஆய்வுக் கூடங்கள் நிறைந்த நகரொன்று 1947ஆம் ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

சிறகும் வானூர்தியும் அவருக்குப் புகழ் தந்தன. ஆயினும் அவர் ஆய்வுநெறியின் உயிர்நிலையை நீர் நிறைந்த குழிவிலேயே காண்கிறோம். ஒரு பொருளின் போக்கை அதன் புறவடிவம் மட்டும் வகுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அசைவதும் வகுக்கிறது. உள்ளசைவு ஓயுமளவும் பொருளுக்கு உறுதி இல்லை. ஓய்ந்தபின் அது தனக்குரிய அச்சிலேயே நிலைபெறும். தேர்வில் தோற்ற பொறியியல் மாணவர், பதவியை விலக்கிய பேராசிரியர், பசிக்காலத்தில் ஆய்வகம் கண்ட முதியவர் என்னும் நிலைகளையெல்லாம் கடந்த ஜுகோவ்ஸ்கியின் வாழ்வும் ஆசிரியம் என்னும் அச்சில் நிலைபெற்றது. நிறைகுடம் தளும்பாது என்று நம் முன்னோர் கண்டனர். தளும்பாத குடத்தின் உள்ளேயும் ஆராய்வதற்கு ஓர் உலகம் உண்டு என்று காட்டியவர் அவர்.